கூட வந்த வரி

ஆறே முக்கால் பாண்டி பஸ்ஸை
ஆல்பேட்டையில் மறித்து ஏறினார்கள்.
பைகளைத் திறந்து மோந்து பார்த்தபடி வந்தவர்
என் பையில் கண்டது டிபன் பாக்ஸ், குடை,
ஜெசிமாவிடம் இரவல் வாங்கிய லீனியர் அல்ஜீப்ரா நோட்டு,
அதற்குள் செருகிய என் துண்டுத் தாள்கள்.

தாள் முழுக்க மூன்று மூன்று எண்.
சிலது வட்டமிட்டது, சிலது அடித்தது.
"எறங்கு" என்றார்.

மூணு நம்பர் லாட்டரி எழுதுகிறவன் ஆகிவிட்டேன்.
"மேட்ரிக்ஸ் சார். பி.எஸ்சி. மூணாம் வருஷம்."
"ஜெசிமா யாரு, ஏஜெண்டா?"
"கிளாஸ்மேட் சார். நல்லா படிப்பா."

பன்னிரண்டாவது வரை எனக்கு அது அணி.
பாண்டிக்குப் படிக்க வந்ததும் மேட்ரிக்ஸ்.
திசையன் வெக்டராகி
அம்பை எங்கோ தொலைத்துவிட்டு
வெறும் எண்களாக வந்து நின்றது.
டார்ச் வெளிச்சத்தில்
இதை யாரிடம் சொல்ல?

அவர் விரல் நேற்றிரவுக் கணக்கில் நின்றது.

2   1   3
4   0   2
6   1   5

மூன்று முறை போட்டேன்.
மூன்று முறையும் கடைசி வரி
சைபர், சைபர், சைபர்.
கழித்ததில் எங்கோ பிசகு என்று
குறுக்கே கோடிழுத்துவிட்டுப் படுத்தேன்.

"இருநூத்திப் பதிமூணு. நானூத்தி ரெண்டு.
கூட்டு."
கூட்டினேன்.
"அறுநூத்திப் பதினஞ்சு. அதான கீழ இருக்கு?
மூணாவது சும்மா கூட வந்ததுப்பா.
இப்படி எழுதினா எவன் வாங்குவான்?"

புஷ்பலதா மேடம் இரண்டு வாரமாக
போர்டில் எழுதி எழுதி அழித்தது இது.
சார்பு, சார்பின்மை,
வரையறை எனக்குத் தலைகீழ் மனப்பாடம்.

அதற்குள் பின் சீட்டிலிருந்து மூவரை இறக்கினார்கள்.
இருவர் இடுப்பில் குவார்ட்டர்கள்.
மூன்றாமவன் சட்டையைத் தூக்கிக் காட்டி
"நான் சும்மா கூட வந்தேன் சார்" என்றான்.
காவலர் என்னைப் பார்த்தார். அவனைப் பார்த்தார்.
மீசைக்குள் என்னவோ அசைந்தது.
"ஏறுங்க ரெண்டு பேரும்."

என் பக்கத்தில்தான் உட்கார்ந்தான்.
மஞ்சக்குப்பம் வரை பேச்சில்லை, மூச்சு மட்டும்.
நான் அந்தக் குறுக்குக் கோட்டை
இன்னொரு கோட்டால் அடித்து
சைபர் வரிக்குக் கீழே
தரம் 2 என்று எழுதினேன்.

கெடிலம் பாலத்தில் பஸ் குலுங்கியது.
எட்டிப் பார்த்தவன் மெதுவாகக் கேட்டான்:
"இந்த நம்பர் விழுமாண்ணா?"