நிற்க

பெட்டியின் மேல் அச்சடித்திருந்தது:
சுவர் வேண்டாம், ஆணி வேண்டாம், தானே நிற்கும்.

அதற்காகத்தான் வாங்கினேன்.
ரீகாவில், தௌகவா ஆற்றின் இடக்கரையில்,
நூறு வயது மரவீட்டின் மூன்றாம் மாடி.
வாடகை ஒப்பந்தத்தின் ஏழாவது விதி
சுவரில் ஒரு குண்டூசிகூடக் கூடாது என்கிறது.
கூரை சரிந்து இறங்கும் அறையில்
பீரோ ஒன்று நிமிர்ந்து நிற்க இடமில்லை.
நான்கு மாதமாக என் கோட்டுகள்
நாற்காலியின் தோளில் ஒன்றன்மேல் ஒன்றாய்,
உட்கார வந்தவள் எவளோ
எழுந்துபோக மறந்த மாதிரி.

செய்முறைத் தாளில் ஒரு சொல் இல்லை.
மூக்கில்லாத ஒரு மனிதன்
படத்துக்குப் படம் சிரிக்கிறான்.
அவன் ஒற்றை ஆளாய் நிற்கும் படத்தின் மேல்
பெருக்கல் குறி.
இரண்டு பேராய் நிற்பதுதான் சரியாம்.
தாளைக் குப்புறப் போட்டுவிட்டேன்.

நான்கு குழாய், இரண்டு பாதம், ஒரு குறுக்குக் கம்பி,
உறையில் பதினாறு திருகாணி,
சுண்டுவிரல் நீளத்தில் வளைந்த சாவி.
கம்பியின் ஒரு முனையை முழங்காலில் இடுக்கி
மறுமுனையைத் தோளில் தாங்கி
வலஞ்சுழியாய்த் திருகினால்
முதல் முனை நழுவி விழுகிறது.
கீழ்வீட்டு வியெஸ்துர்ஸ்
பஸூன் வாசிப்பதை நிறுத்தினார்.
நான் மூச்சை நிறுத்தினேன்.
விட்ட இடத்திலிருந்து அவர் தொடங்கினார்.
நானும்.

மூன்றாம் முறை விழுந்தபோதுதான் தெரிந்தது,
துளைகள் எல்லாம் உள்பக்கம் பார்த்திருக்கின்றன.
லாட்வியனில் உருப்படியான வசவு கிடையாது.
ரஷ்யனில் திட்டிக்கொண்டே
அத்தனையும் கழற்றினேன்.

ஒன்பதரைக்கு நின்றது.
ஒரு திருகாணி மிச்சம்.
மரை கழன்றது அதற்கா எனக்கா
என்று உலுக்கிப் பார்த்தேன்.
ஆடியது, விழவில்லை.
எனக்கு அது போதும்.
மிச்சத்தை வெள்ளை அங்கியின் பையில் போட்டேன்,
மருந்துக்கடையில் மாத்திரை எண்ணும்போது கையில் தட்டட்டும்.

மாட்டினேன்: அங்கி இரண்டு, மழைக்கோட்டு,
தங்கை கல்யாணத்தில் இரண்டு மணிநேரம் உடுத்திய
பச்சைக் கவுன்,
குண்டார்ஸ் விட்டுப்போன கம்பளிச் சட்டை.
(துவைத்துத்தான் மாட்டினேன்.)

இரவு இரண்டேகால்.
கரகரவென்று யாரோ வரும் சத்தம்.
விளக்கைப் போட்டால்
ரேக்,
துணிமணிகளோடு,
அறையைப் பாதி கடந்திருக்கிறது.
நூறு வருடமாய் ஆற்றுப்பக்கம் சாய்ந்துவரும் தரை.
நான் நான்கு மாதத்தில் அறியாததை
நான்கு சக்கரம் ஒரே ராத்திரியில் அறிந்துவிட்டன.
முன்னால் கம்பளிச் சட்டை, பின்னால் பச்சைக் கவுன்,
கதவு எங்கே என்று விசாரிக்க வந்த கூட்டம் போல.
தள்ளிக்கொண்டு போய்ச் சுவரோரம் விட்டேன்.
மூன்று மணிக்கு மறுபடி.

காலையில் கதவிடுக்கில் ஒரு சீட்டு.
'இரவில் உங்கள் வீட்டில் டிராம் ஓடுகிறதா?
ஆட்சேபம் இல்லை. நேர அட்டவணை கிடைத்தால் நல்லது.
வியெஸ்துர்ஸ், இரண்டாம் மாடி.'

காய்ந்துபோன ரை ரொட்டியின் ஓரத்துண்டு இரண்டை
முன்சக்கரங்களுக்கு அடியில் செருகினேன்.
நின்றது.
தானே என்று சொல்ல மாட்டேன்.

சீட்டைத் திருப்பி எழுதினேன்:
கடைசி வண்டி போய்விட்டது. நிற்க.
சக்கரங்களைக் கழற்ற வேண்டும்.
சாவி என்னிடம் இருக்கிறது.
ஒரு முனையைப் பிடிக்கத்தான் ஆள் இல்லை.
அவசரம் ஒன்றுமில்லை,
ஞாயிறு வரை ரொட்டி தாங்கும்.