சுவருக்குப் பின்னால் பதினெட்டு நானோமீற்றர்

கேத்தலின் அடியில் வெள்ளையாய்ப் படிந்திருக்கிறது
கோண்டாவில் கிணறு.
ஒவ்வொரு தேத்தண்ணிக்கும் கொஞ்சம் கல் மிஞ்சும்.
தேசிக்காய்ப் புளி விட்டால் நுரைத்துப் போகும்,
அடுத்த கிழமை திரும்பி வந்து குந்தும்.

இரண்டு சுவர்களுக்கு நடுவில் தண்ணீர்:
என்னுடைய ஆராய்ச்சி அவ்வளவுதான்.
இடைவெளி நாலு நானோமீற்றர்.
உள்ளே மூவாயிரத்து அறுநூறு மூலக்கூறு,
பெயரில்லை, இலக்கம் உண்டு.
எல்லாவற்றையும் ஒரு பக்கமாய் மெல்லத் தள்ளிவிட்டு
பல்கலைக்கழகத்து மேல்மாடியில்
கொட்டாவி விட்டபடி காவல் இருக்கிறேன்.

உயர்தரத்தில் மனனம் செய்தது:
சுவரைத் தொடும் பாயியின் வேகம் பூச்சியம்.
அடியில் இரட்டைக் கோடு இழுத்து
நாலு புள்ளி வாங்கினேன்.

முதற்சுவர் கல்சைற்று, எங்கள் நிலத்தின் கல்.
வரைபு சொல்வழி கேட்டது.
நடுவில் வளைந்து ஓடி, ஓரத்தில் வந்து படுத்தது.
பூச்சியம்.
சும்மா இருக்கமுடியாமல்
ஆயிரத்து நூற்றுநாற்பத்தேழாம் இலக்கத்தை மட்டும்
பின்தொடர்ந்தேன்.
ஒரு கல்சியத்தின் மேல் ஒட்சிசனைக் கொடுத்து
இருந்த இடத்திலேயே நெடுநேரம் நடுங்கிற்று.
பக்கத்துக் கல்சியத்துக்கு ஒரு பாய்ச்சல்.
என்ன நினைத்ததோ, பழைய இடத்துக்கே திரும்பிற்று.
பிறகு ஓட்டத்துக்குள் ஏறி
கூட்டத்தில் தொலைந்தது.
அதன் இடத்தில் வேறொன்று, அதுவும் நடுங்கியபடி.

ஒன்றுகூட நிற்கவில்லை.
நான் கோடிட்ட பூச்சியத்தில்
எவரும் ஒருநாளும் இருந்ததில்லை.

இரண்டாஞ்சுவர் பென்சிற்கரி.
பிடிக்க ஒரு மேடில்லை, கொடுக்க ஒரு கையில்லை.
ஓரத்துத் தண்ணீரும் ஓடிக்கொண்டிருந்தது.
"எங்கையோ பிழை விட்டிட்டியள் யூடித்,
திருப்பி ஓட விடுங்கோ" என்றான் பிரணவரூபன்.
விட்டேன்.
ஆறாம் மணித்தியாலம் கரண்ட் போனது.
விட்டேன்.
மூன்றாந்தரமும் அதே வழுக்கல்,
பிழை என்றால் இவ்வளவு ஒழுங்காய் வராது.

கலாநிதி அருட்சோதி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"கோட்டைச் சுவருக்குள்ள நீட்டும் பிள்ளை.
எங்க பூச்சியமாகுதோ, அந்த ஆழம்தான் வழுக்கல் நீளம்."
அடிமட்டம் வைத்து நீட்டினேன்.
பதினெட்டு நானோமீற்றர்.

நான் வைத்ததோ மூன்று தாள் கரி,
ஒரு நானோமீற்றர்கூட வராது.
கோடு சுவரைத் துளைத்து, கரியைத் துளைத்து,
பெட்டிக்கும் வெளியே,
ஓர் அணுவும் நான் எழுதாத இடத்தில் போய்
நின்றது.
தண்ணீர் போகவே முடியாத அந்த இடத்தில்தான்
தண்ணீருக்கு ஓய்வாம்.

போன மாதம் கிராம அலுவலர் படிவம் தந்தார்.
நிரந்தரம், தற்காலிகம், இரண்டு கட்டம்.
மன்னாரிலிருந்து வந்து ஏழு வருஷம்,
திருநெல்வேலியில் இரண்டு அறை, கொக்குவிலில் ஒன்று, இப்போது இது.
பேனையைப் பிடித்தபடி யோசித்தேன்.
"என்ன பிள்ளை, இதுக்குமா கணக்கு?"
பின்னுக்கு வரிசை நீண்டிருந்தது.
ஏதோ ஒன்றில் புள்ளடி போட்டேன்,
எதில் என்று இப்போது ஞாபகமில்லை.

விடிகிறது. நாலாவது ஓட்டம் ஓடுகிறது.
கேத்தல் கொதித்து அடங்க
தண்ணீர் கோப்பைக்குள் வழுக்கி இறங்குகிறது,
கல் இருக்கிறது.

தேசிக்காய் முடிந்துவிட்டது.
திருநெல்வேலிச் சந்தை ஆறு மணிக்குத் திறக்கும்.