நல்லாத்தான் இருந்தது

சிப்காட் பேருந்தின் கடைசி இருக்கையில்
ஜெயசீலி படம் சொல்வாள்.
புதுப்படம் என்றால் திருப்பாப்புலியூருக்குள் முடிந்துவிடும்:
"சண்டை, அப்புறம் சண்டை,
நடுவுல ஒருத்தி வந்து டீ குடுத்துட்டுப் போறா."
பழைய படமென்றால் முதுநகர் தாண்டியும் ஓடும்.

நேற்றைய கறுப்பு வெள்ளையில்
கதாநாயகி அரைமணி நேரம் அழுதும்
கண்மை கலையவில்லையாம்.
"என்ன கம்பெனி மையோ, விசாரிச்சுச் சொல்லுடி."

நான் பார்த்தது புயல் படம்.
காற்று நன்றாக இருந்தது.
கூரைகள் அழகாகப் பறந்தன.
நெஞ்சளவு நீரில் நாயகன்
குழந்தையைத் தூக்கி வந்தபோது
பின்வரிசையில் விசில்.
எனக்கோ அந்தத் தண்ணீர்மேல்தான் கண்.
ஒற்றைச் செருப்பு இல்லை, செத்த கோழி இல்லை,
ஒரு பிளாஸ்டிக் குடம்கூட மிதக்கவில்லை.
மறுநாள் ரேஷன் அட்டையைக்
கொடியில் கிளிப் மாட்டிக் காயப்போடுவார்கள் என்று
பெயர்கள் ஓடி முடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.
கூட்டுபவர் வந்து காலைத் தூக்கச் சொன்னார்.

"அதையெல்லாம் யாரு காசு குடுத்துப் பாப்பா?"
என்றாள் ஜெயசீலி.

குடிகாடு நெருங்க, துப்பட்டாவால்
மூக்கை மூடிக்கொண்டோம்.
துணிக்குள்ளிருந்தே கேட்டாள்:
"காய்ஞ்சுச்சா, உங்க அட்டை?"

காய்ஞ்சுது.
அப்பா பேரு மட்டும் கலைஞ்சிடுச்சு.