பதினேழாவது வினா

குருமண்வெளித் துறையில்
ஆறு ஐம்பது ஓடம் போய்விட்டது.
அடுத்தது வரும்வரை
மோட்டார் சைக்கிள் இருக்கையில் தாளை விரித்தேன்.
கம்பஸிலிருந்து வந்த பிள்ளை
நேற்று எல்லாருக்கும் தந்தது:
ஆசிரியர் அர்ப்பணிப்புப் பற்றிய வினாக்கொத்து.
ஒன்று முதல் ஐந்து வரை வட்டமிடுக.
பெயர் எழுத வேண்டாம்.

பெயர் வேண்டாமாம்.
மண்டூருக்கும் அங்கால் அந்தப் பள்ளியில்
பத்துக்கும் பதினொன்றுக்கும் கணிதம் ஒரே ஆள்.
என் தாள் எதுவென்று
கன்ரீன் பூனைக்கும் தெரியும்.

'என் தொழிலில் பெருமை அடைகிறேன்.' நான்கு.
'அதிபர் என் கருத்தைக் கேட்கிறார்.'
கேட்கிறார். கேட்டதும் கூட்டம் முடியும். இரண்டு.

பதினேழு:
'வாய்ப்புக் கிடைத்தால்
இப்பாடசாலையை விட்டுச் செல்வேன்.'

கைப்பைக்குள் நாலு பிரதி இடமாற்ற விண்ணப்பம்.
காரணம் என்ற கட்டத்தில்
மகளின் இழுப்பு என்று எழுதியிருக்கிறேன்.
பொய்யில்லை.
வாடைக்கு நின்றுபோகும் ஓடமும்
யானை கடந்த பாதையில் தனியே திரும்பும் பின்னேரமும்
'நல்லாப் படிப்பிக்கிற டீச்சர்' என்ற பாவத்துக்கு
வருஷா வருஷம் கூடும் பாடவேளைகளும்
அந்தக் கட்டத்துக்குள் அடங்காது.

முதல் நாள் என் பெயரை அவர்கள் கேட்கவில்லை.
பின்வாங்கில் லதுர்ஷன் எழும்பி
"டீச்சர், நீங்க எப்ப போற?" என்றான்.
கேலியில்லை. பஸ் நேரம் விசாரிக்கிற குரல்.
எனக்கு முன் மூன்று பேர்.
மூவரும் காரணிப்படுத்தலில் தொடங்கி
இருபடிச் சமன்பாடு வருமுன் போனவர்கள்.
காரணி அவனுக்குத் தண்ணி பட்ட பாடு.

இப்போது அவனே மூன்று நாளாய் இல்லை.
வயல் காவல், இரவு முழுக்க யானை வெடி.
வந்தாலும் மேசையில் தலை சாய்ந்துவிடும்.
நான் எழுப்புவதில்லை.
அது எந்த வினாவில் வரும்,
அர்ப்பணிப்பிலா, அலட்சியத்திலா?

ஓடம் வருகிறது.
விஞ்ஞானம் படிப்பிக்கும் சுகிர்தன் சேர்
எல்லாருக்கும் ரொபி நீட்டுகிறார்.
அவருக்குக் கல்முனை சரிவந்துவிட்டது.
"உங்களுக்கும் வரும்" என்றார்,
வருத்தம் விசாரிப்பதுபோல.
ரொபி பல்லில் ஒட்டிக்கொண்டது.

பேனா மூன்றுக்கு மேல் நிற்கிறது.
மூன்று என்றால் தீர்மானிக்கவில்லை.
தீர்மானித்து, கையொப்பமும் இட்டாயிற்று.
பிறகு எதற்கு நேற்று ஒரு மணிவரை
அடுத்த தவணைப் பாடக்குறிப்பில்
இருபடிச் சமன்பாட்டுக்குப் பதினான்கு பாடவேளை ஒதுக்கினேன்,
வராதவனுக்கென்று ஒன்று மேலதிகமாய்?

பலகையைப் போட்டுவிட்டார்கள்.
தாளை மடித்துச் சட்டைக்குள் செருகி
மோட்டார் சைக்கிளை உருட்டுகிறேன்.
முன்சில்லு ஓடத்தில், பின்சில்லு இன்னும் கரையில்.
"விடாம தள்ளுங்க டீச்சர்" என்கிறான் ஓடக்காரன்,
"நடுவில நிண்டாத்தான் விழும்."