ரெண்டாம் பாகம், ரெண்டு டிஸ்க்

அட்டையில் பறவையைவிட
ரெண்டு என்ற எண்தான் பெரிசாக இருந்தது.
அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

கொருக்குப்பேட்டை கேட்டுக்கு இந்தப் பக்கம்
தேசப்பன் வீடியோஸ்.
ஒரு நாளைக்குப் பத்து ரூபாய், கீறல் விழுந்தால் ஐம்பது.
லுங்கி முனையில் டிஸ்கைத் துடைத்தபடி
"தியேட்டருக்கே வராத படம்மா" என்றார் தேசப்பன்,
அது ஏதோ பெருமை மாதிரி.

முதல் பாகம் தண்டையார்பேட்டையில் பார்த்தது.
மூணு டிக்கெட், அப்பா வாங்கியது. டில்லி மடியில்.
கலங்கரை விளக்கத்தடியில் ஒரு கூழைக்கடாக் குஞ்சு.
தகப்பன் பறவை மூடுபனிக்குள் போகும். வராது.
கடைசியில் குஞ்சு பனிக்கு முதுகைக் காட்டி
தானே சிறகை விரிக்கும்.
ரெண்டு நிமிஷம் பேச்சில்லை, பாட்டில்லை.
முறுக்கு விற்கிறவன்கூடத் தட்டோடு நின்றுவிட்டான்.
அம்மா மூக்கைச் சிந்தினாள்,
கேட்டால் ஏசி ஒத்துக்கொள்ளவில்லையாம்.
அந்தத் தியேட்டரில் ஏசி கிடையாது.

இதில்
மூடுபனி அசையவே இல்லை.
பறக்கப் பறக்க அதே மூன்று பாறை,
அதே மூன்று பாறை.
கூட்டத்தில் நாற்பது பறவைக்கும் ஒரே முகம்,
ரேஷன் கார்டு போட்டோ முகம்.
குஞ்சுக்கு அலகு மட்டும் ஆடுகிறது, கண் செத்திருக்கிறது.
கூலிங் கிளாஸ் போட்ட நண்டு ஒன்று
எதற்கென்று தெரியாமல் எல்லாக் காட்சியிலும் வந்து போகிறது.
குரலும் வேறு. சோப்பு விளம்பரத்துக்குப் பேசுகிறவன்.

பத்தொன்பதாவது நிமிஷம்
தகப்பன் பறவை திரும்பி வந்துவிட்டது.
இத்தனை நாள் எங்கே இருந்தது?
நண்டு ஒரே வரியில் முடித்தது: பக்கத்துத் தீவில்தானாம்.
உடனே கட்டிப்பிடித்து ஒரு பாட்டு.
வந்த ஆத்திரத்தில் ரிமோட்டைத் தேடினேன்.
ரிமோட் அம்மா மடியில்.

டில்லி கைதட்டினான்.
"நான் அப்பவே சொன்னேன்ல, வந்துடும்னு."
பறவையைப் பற்றி
அவன் எதுவும் சொன்னதில்லை.

எங்களுடையதும் பக்கத்துத் தீவுதான்.
திருவொற்றியூர். ஷேர் ஆட்டோவில் எட்டு ரூபாய்.
போன ஆடியில் யாருக்கும் சொல்லாமல் போனேன்.
எண்ணூர் ரோட்டோரம், மாவுக்கடை வாசலில் அப்பா
ஒரு குட்டிப்பெண்ணைத் தூக்கி வைத்துக்கொண்டு
அவள் காதுக்குப் பின்னாலிருந்து காசு எடுத்தார்.
அதே ஐம்பது பைசா வித்தை.
அதே "அடியே, காதுக்குள்ள பேங்க்கா நடத்துற?"
அதே இடத்தில் அதே இருமல்.
ஒரு சொல் மாற்றவில்லை.
செல்லப்பெயர்கூட என்னுடையதுதான். பூந்தி.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.
அவளுக்கு அதுதானே முதல் பாகம்.
எதிர்ப்பக்கம் நான்
கன்டெய்னர் லாரிகள் போகப் போக
ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவில்
துண்டு துண்டாகப் பார்த்தேன்.
கீறல் விழுந்த டிஸ்க் அப்படித்தான் ஓடும்.

படம் முடிந்தது, கடைசி வரைக்கும் நண்டு.
"காசு தண்டம், குடுத்துட்டு வந்துடறேன்" என்று எழுந்தேன்.
லைட் போடாத இருட்டிலிருந்து அம்மா சொன்னாள்,
"இருக்கட்டும், இன்னொரு நாள் வெச்சுக்கலாம்.
பத்து ரூபாதானே."
தேங்காய்ச் சில்லுக்கு
எட்டணா பேரம் பேசுகிறவள்.

டில்லி தூங்கினதும் சத்தத்தைக் குறைத்து
முதல் டிஸ்கை மறுபடி போட்டாள்.
வேண்டிய இடத்துக்கு ஓட்டிவிட அவளுக்குத் தெரியாது.
என்னையும் எழுப்பவில்லை.
மூன்று பாறை, நாற்பது ரேஷன் கார்டு முகம்,
நண்டு, எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு
பத்தொன்பது நிமிஷம் காத்திருந்தாள்.
பாயில் கண்ணை மூடியபடி நானும்.

மறுநாள் டிஸ்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார் தேசப்பன்.
"மூணாவது வருதாம்மா. எடுத்து வைக்கவா?"
கேட் மூடி, சரக்கு ரயில் ஒன்று
முடியாமல் போய்க்கொண்டிருந்தது.
"அம்மாவைக் கேட்டுச் சொல்றேண்ணா" என்றேன்.