மேட்டில் தண்ணீர்

ஐப்பசிக் கடைசி. மன்னார்குடியில்
சுவர்கூட வியர்க்கிறது.
கூட்டுறவுச் சங்கக் கிடங்கில்
யூரியா மூட்டைகள் பாறையாகிவிட்டன.
எழுத்தர் சிங்காரவடிவேலு
ஒவ்வொன்றாய்ப் புரட்டிப் போட்டு
உலக்கையால் சாத்துகிறார்.
மேலுரம் போட வந்தவர்களில் ஒருவர்
கலப்படம் என்கிறார்.

கலப்படம் இல்லை.
ராத்திரிக் காற்றில் இருந்த ஈரம்
குருணைகளின் தோலைக் கொஞ்சம் கரைத்தது,
பகலில் விலகியது.
விலகும்போது பக்கத்துக் குருணைக்கு
ஒரு பாலம் கட்டிவிட்டுப் போனது.
இதை நான் சொல்லவில்லை.
ஒரு பிடி கேட்டேன்.
காகிதத்தில் மடித்துத் தந்தார்:
“தொட்டிச் செடிக்காம்மா?”

செடிக்கு இல்லை.
ஜூனில் மேட்டூர் திறக்காத வருஷம்,
கல்லூரிக்கு ரசாயனம் வாங்கும் நிதியும்
திறக்கவில்லை.
எத்தனாலில் மூன்று முறை கரைத்து வடித்தால்
உரமும் வெள்ளை வெளேரென்று
ஊசி ஊசியாய் இறங்கும்.
தண்ணீரில் போட்டாலோ குடுவை சில்லிட்டுப்போகும்,
வேலை இல்லாவிட்டாலும்
பிடித்துக்கொண்டு நிற்பேன்.

எட்டே எட்டு அணு.
நான்கு ஹைட்ரஜன், நான்கும் நீட்டிய கை.
ஒற்றை ஆக்சிஜன்,
வருகிற நான்கு கையையும் அது ஏற்றுக்கொள்ளும்.
கொள்வினை கொடுப்பினை என்று
எங்கள் வீட்டில் தலைமுறைக் கணக்குச் சொல்வார்கள்,
யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பது உட்பட.
இங்கே கணக்கு ஆங்ஸ்ட்ராமில்,
மூன்றுக்குக் கொஞ்சம் முன்னேபின்னே.
ஒட்டிக்கொள்வதில்லை,
விட்டுப்போவதும் இல்லை.

நான் தயாரித்த அமிலத்தை அதோடு சேர்த்தேன்.
(அதன் பெயர் ஒன்றரை வரி. வேண்டாம்.)
அலுமினியத் தாளால் மூடி, ஏழு துளை குத்தி,
அசைக்காதீர் என்று எழுதி வைத்தேன்.
மறுநாள் பெஞ்சு துடைத்த ரெஜினா
தாளை எங்கோ போட்டுவிட்டாள்.
புயல் எச்சரிக்கை, நான்கு நாள் விடுமுறை,
சன்னல் கதவுக்குக் கொக்கி கிடையாது.

பதினொன்றாம் நாள் அடியில்
ஆறு ஊமைக்கட்டிகள்,
ஏழாவதற்கு மட்டும் முகம் இருந்தது:
குருணையில் கால்வாசி,
உள்ளே பார்த்தால் மறுபுறம் தெரிந்தது.
மாத்திரைக் குப்பியில் பஞ்சு வைத்து
மன்னை எக்ஸ்பிரஸில் மடியிலேயே கொண்டுபோனேன்.
எதிர் இருக்கைக்காரர், மூக்குத்திக் கல்லா என்றார்.
ஆமாம் என்றேன்.

சென்னையில் எக்ஸ்கதிர் அதை ஆறுமணி நேரம் சுற்றிப் பார்த்தது.
ஊருக்கு வந்து கணினியில் பிரித்தேன்.
அமிலம் இருந்தது, யூரியா இருந்தது,
நான் வரைந்துவைத்த படத்தில்தான்
இரண்டும் நேரே கைகோத்திருந்தன.
இங்கே இரண்டும்
காலி இடத்தைப் பார்த்துக் கை நீட்டிக்கொண்டிருந்தன.
காலியும் இல்லை.
எலெக்ட்ரான் வரைபடத்தில் அங்கே ஒரு மேடு
எந்தக் கணக்கிலும் சேராமல் எஞ்சி நின்றது.
பிழை ஒன்பது சதவீதம், இறங்க மறுத்தது.

எங்கள் நிலம் கோட்டூர்ப் பக்கம், கடைமடை,
அதிலும் மேடு.
மேட்டுக்குத் தண்ணீர் ஏறாது என்பது
எங்கள் வீட்டில் விவசாயம் பற்றிய பேச்சு மட்டுமல்ல.
அதனால்தானோ என்னவோ
மூன்றாம் ராத்திரி வரை எனக்குத் தோன்றவில்லை.
கடைசியில் அந்த மேட்டில்
ஒரு ஆக்சிஜனை வைத்துப் பார்த்தேன்.
ஒன்பது நான்காக இறங்கியது.
பக்கத்திலேயே இரண்டு சிறு புடைப்புகள்,
ஹைட்ரஜன்கள், தேடாமலே.

தண்ணீர்.
பாமணியாற்றுக் காற்றில் நனைந்து வந்ததோ,
புயல் கடலிலிருந்து கொண்டுவந்ததோ,
ஒரு மூலக்கூறு, இடையில் உட்கார்ந்து
இரண்டு பக்கமும் கொடுத்து
ஒரு பக்கம் வாங்கி,
இரண்டு புள்ளி ஏழு எட்டு ஆங்ஸ்ட்ராமில்
நிம்மதியாக இருக்கிறது.
கன அடி கேட்டு யாரும் வழக்குப் போடவில்லை.

நெறியாளர் கட்டுரையைத் திருப்பி அனுப்பினார்:
ஈரம் படாமல் மறுபடி செய்யவும்.
செய்தேன். நான்கு முறை.
உலர்ந்த எத்தனால், சிலிக்கா ஜெல், இறுக்கிய மூடி.
நான்கு முறையும் பசை,
விரலில் ஒட்டிக் கழுவினால் போகாத பசை.

கட்டுரைத் தலைப்பில் இப்போது
ஒரு சொல் கூடியிருக்கிறது: மோனோஹைட்ரேட்.
ரெஜினா பீரோவுக்குப் பின்னாலிருந்து
கசங்கிய தாளை எடுத்து நீட்டி
மன்னிப்புக் கேட்கிறாள்.
ஏழு துளையும் அப்படியே இருக்கின்றன.
நன்றியுரையில் உன் பெயர் போடவா என்கிறேன்.
கேலி பண்ணாதீங்க மேடம் என்று
அடுத்த பெஞ்சைத் துடைக்கப் போகிறாள்.