முங்கும் சட்டி

திட்டக்குடிக்கு மேற்கே, வெள்ளாற்று வடகரையில்
ஏழு குடும்பம் இறங்கியபோது
காரைமுள்ளும் நரியும்தான் பட்டா வைத்திருந்தன.

மூன்று கோடை வாய்க்கால் வெட்டினார்கள்.
வாயகன்ற சட்டியில் தண்ணீர் ஊற்றி
எந்த விளிம்பில் தளும்புகிறதென்று
குந்திப் பார்த்து மட்டம் சொன்னாள் சடைச்சி:
"இன்னும் ஒரு சாண்."
மண்வெட்டிகள் அவளைத் திட்டின.

ஐப்பசியில் வந்தது செந்தண்ணீர்.
எருமைகள் மிரண்டன. பிள்ளைகள் அதற்கு முன்னால் ஓடினார்கள்.
கொளஞ்சி தலைமடையைத் தன் வயலுக்கு மடக்கினான்;
கடைமடைக்குப் போனது
நுரையும் ஒரு செத்த நண்டும்.

அன்று ராத்திரி சடைச்சி
அதே சட்டியின் அடியில் ஆணியால் துளையிட்டுத்
தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டாள்.
"முங்குகிற வரைக்கும் உனக்கு.
முங்கினால் எனக்கு."

கொளஞ்சி விடியும்வரை
சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஊருக்குப் பெயர்
அதற்குப் பிறகுதான் வைத்தார்கள்.